இசை நூலக வகுப்பில் சமூக நீதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு இசைக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் முதலாண்டு மாணவர்களுக்கு நூலக வகுப்பு எடுக்க வேண்டும், மொத்தமே நாலு மணி நேரம்தான். புத்தகம் தேடும் முறையோடு, அந்தப் புத்தகம் ஏன் அந்த அடுக்கில் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தேன். அன்றிலிருந்து மாணவர்கள், சக ஆசிரியர்கள், பெற்றோர், வேறு கல்லூரி நூலகர்கள் என்று எல்லாரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டி மாளவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மியூசிக் லைப்ரரில சமூக நீதியா? புத்தகம் எப்படித் தேடுறதுன்னு சொல்லிக் குடுத்தா போதாதா மேடம்?

போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் நாதஸ்வரம் படிக்கிற ஒரு பையன் வந்தான், கம்ப்யூட்டரில் "நாதஸ்வரம்" என்று அடித்தான், இரண்டு புத்தகம் வந்தது. "நம்ம வாத்தியத்துக்கு யாரும் ஒண்ணும் எழுதலை போல"ன்னு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். உண்மையில் எங்களிடம் அதைப் போலப் பல மடங்கு இருந்தது. கொஞ்சம் "நாகசுரம்" என்ற தலைப்பில், கொஞ்சம் "கோயில் இசை"யில், இன்னும் கொஞ்சம் "சடங்குகள்" என்று இசைப் பக்கமே வராத ஒரு அடுக்கில். வீணைக்கு இந்தக் கதி இல்லை. "வீணை" என்று அடித்தால் வீணை வரும்.

அந்தப் பையனுக்குத் தேடத் தெரியாமல் இல்லை. அவன் வாத்தியத்துக்குத் தலைப்பு வைத்தவர்கள் அதை இசையாகப் பார்த்தார்களா, கல்யாணச் சடங்கின் ஒரு பகுதியாகப் பார்த்தார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சமூக நீதி என்றதும் நம் ஊரில் இடஒதுக்கீடு ஞாபகத்துக்கு வரும். நான் வகுப்பில் பேசுவது அதைவிடச் சின்ன விஷயம், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிற லேபிள் அளவுக்குத்தான்.

ட்யூயி நம்பர்ல என்ன பாரபட்சம்? அது வெறும் நம்பர்தானே?

நம்பர்தான், ஆனால் எது எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்பதை அந்த நம்பர்தான் முடிவு செய்கிறது. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் போட அமெரிக்க நூலகர் மெல்வில் ட்யூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறை அது. மதம் முழுக்க 200-லிருந்து 299 வரை. அதில் 220-லிருந்து 280கள் வரை கிறிஸ்தவத்துக்கே போய்விடும். இந்து மதம் 294.5-ல் ஒண்டிக் குடித்தனம், இஸ்லாம் 297. இசைக்கு 780. அந்தப் பகுதியை 1989-ல், 20ஆம் பதிப்பில், புதிதாக எழுதினார்கள், நல்ல முன்னேற்றம்தான். அப்படியும் 781.68 என்றால் மேற்கத்தியச் செவ்வியல் இசை, அடுத்த எண்ணான 781.69 "மேற்கத்தியம் அல்லாத" செவ்வியல் இசை. நம் கர்நாடக இசை, ஹிந்துஸ்தானி, சீனா, ஜப்பான், அரேபியா எல்லாரும் அந்த ஒரே "அல்லாத"வுக்குள்.

நடனத்தில் இன்னும் வேடிக்கை. பாலே 792.8, அதாவது மேடைக் கலைகளோடு. பரதநாட்டியப் புத்தகங்களுக்கு இங்கே பெரும்பாலான நூலகங்களில் 793.319 என்று தொடங்கும் எண். 793 என்பது வீட்டுக்குள் ஆடும் விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும். நடனத் துறை மாணவிகளை அந்த அடுக்குக்குக் கூட்டிப்போய், "உங்கள் புத்தகத்துக்கு ரெண்டு தட்டு தள்ளி என்ன இருக்குன்னு பாருங்க" என்பேன். சீட்டுக்கட்டு விளையாட்டும் செஸ்ஸும் இருக்கும். வகுப்பில் அன்றைக்கு முதல் கோபம் அங்கேதான் வரும்.

அப்ப இது வெள்ளைக்காரன் பண்ண தப்பு. நம்ம மேல என்ன இருக்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் அந்தக் கோபத்தை வரவழைக்கிறேன். அதே மாணவிகளை அப்படியே "நாட்டார் வழக்காற்றியல்" அடுக்குக்குக் கூட்டிப்போவேன். பறை அங்கேதான் இருந்தது. தவில், மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் 786.9-ல், தாள வாத்தியங்களோடு. பறையும் தோல் கட்டிய கருவிதான், தாளம்தான், அடவும் அடிமுறையும் அதற்கும் உண்டு. அதை மட்டும் 390களில் வழக்கங்களோடும் சாவுச் சடங்குகளோடும் வைத்தது ட்யூயி இல்லை. எங்கள் நூலகத்தில் எனக்கு முன்னால் இருந்த ஒருவர், அவருக்கப்புறம் பல வருஷம் நான். எண் போடும்போது எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

இத்தனைக்கும் தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், புள் என்ற வரிசையில் பறையையும் யாழையும் வைக்கிறது. எல்லா நிலத்துக்கும் ஒரு பறை உண்டு. அன்றைக்குத் தோல்கருவிக்கே பொதுப்பெயராக இருந்த சொல் பிறகு ஒரு சாதியோடு ஒட்டிப் போனது, அப்புறம் அந்தச் சாதியோடு சேர்ந்து கருவியும் அடுக்கு மாறியது. 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் அடுக்கில் அப்போதும் அது சடங்குதான்.

தியரி சரி. கிளாஸ்ல என்னதான் செய்ய வைப்பீங்க?

அட்டைப்பெட்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டு புத்தகம், சிடி. முதுகு லேபிளைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவேன். மூன்று பேர் கொண்ட குழு, இருபது நிமிஷம். இதை எங்கே வைப்பீர்கள், ஏன்? அப்புறம் காகிதத்தைக் கிழித்து நூலகம் எங்கே வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எப்போதும் சூடு பிடிப்பது மூன்று பொருளுக்கு. தியாகராஜ கீர்த்தனைத் தொகுப்பு ஒன்று, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடல்கள் ஒன்று, நாகூர் ஈ.எம். ஹனிபா பாடல்கள் ஒன்று. மூன்றும் பக்திப் பாட்டு. முதலாவது எங்களிடம் 780களில், இசையாக. இரண்டாவது கிறிஸ்தவத்தில். மூன்றாவது 297-ல். சாஸ்திரியாரும் பாட்டுக்கு ராக தாளம் குறிப்பிட்டுத்தான் எழுதினார், ஹனிபாவின் குரல் தெரியாத தமிழன் கிடையாது. அப்படியென்றால் ராமனைப் பாடினால் இசை, மற்றவரைப் பாடினால் மதமா என்று ஒரு குழு கேட்டது. "மூணையும் மதத்துலயே வைங்க" என்றது இன்னொரு குழு. "மூணையும் இசையில வைங்க" என்றது மூன்றாவது. நான் தீர்ப்புச் சொல்வதில்லை. என்ன காரணம் சொல்லி எங்கே வைத்தாலும் அந்தக் காரணம் மூன்றுக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்வேன்.

பேரை வச்சுத் தேடினா சாதிப் பேர்லபோய் நிக்குதே, அது ஏன்?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் புத்தக விவரங்களை அட்டையில் எழுதி அடுக்கிய பழைய கார்டு கேட்லாக் டிராயர் ஒன்றை இதற்காகவே தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். மேற்கத்திய விதிப்படி குடும்பப் பெயர் முன்னால் வர வேண்டும். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அதனால் கடைசிச் சொல் எதுவோ அதைத் தூக்கி முன்னால் போட்டார்கள். "ஐயர், செம்மங்குடி சீனிவாச." "பிள்ளை, ராஜரத்தினம், டி.என்." டிராயரைத் திறந்தால் வித்வான்கள் சாதிவாரியாகப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் எல்லாரும் "அம்மாள்" என்ற ஒரே கட்டில். செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929-லேயே பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தெருவில் மறைந்த பட்டம் டிராயரில் அப்படியே தங்கிவிட்டது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு விதி, அதை இங்கே பொருத்தியபோது வந்த கோளாறு. இந்தியப் பெயர்களை எப்படிப் பதிவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் எஸ்.ஆர். ரங்கநாதன் முக்கியமானவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1924-ல் வந்தவர், 1933-ல் தன் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். (அவர் சீர்காழிக்காரர். முத்துத்தாண்டவரும் அந்த ஊர்தான். ஒரே ஊர் நமக்குத் தமிழ்க் கீர்த்தனையும் கொடுத்தது, நூலக அறிவியலும் கொடுத்தது.)

பெண்கள் விஷயம் இதுல எங்க வருது?

எல்லா இடத்திலும். ஆனால் நான் எடுப்பது ஒரே ஒரு ஆள், பெங்களூர் நாகரத்தினம்மா. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய "ராதிகா சாந்தவனம்" என்ற காவியம், அச்சில் வந்தபோது பல பகுதிகள் விடுபட்டு வந்தது. நாகரத்தினம்மா தேடிப்பிடித்து 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஒரு பெண், அதுவும் தேவதாசிக் குலத்துப் பெண், சிருங்காரத்தை இப்படி எழுதலாமா என்று கூச்சல். 1911-ல் அரசு தடை செய்தது, 1940களின் பிற்பகுதியில்தான் தடை நீங்கியது. அதே அம்மாதான் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் பணத்தைப் போட்டுக் கட்டியவர். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்ததால், பெண்களுக்குத் தனி ஆராதனை நடத்தியவர்.

இப்போது பயிற்சி. அந்தக் காவியத்துக்கு ஒரு நூலகப் பதிவு எழுதுங்கள் என்பேன். பாதிப்பேர் ஆசிரியர் பெயரோடு முடித்துவிடுவார்கள். பதிப்பாசிரியர் என்ற கட்டத்தை நிரப்பாமல் விட்டால் நாகரத்தினம்மா என்று தேடுகிறவருக்கு இந்த நூல் அகப்படாது, அவ்வளவுதான். தடையெல்லாம் தேவையே இல்லை. பழைய இசைத்தட்டுப் பதிவுகளிலும் இதே கதைதான், பாடகர் பெயர் இருக்கும், ஃபிடில் யார், மிருதங்கம் யார் என்று இருக்காது. சென்னை மியூசிக் அகாடமி கொடுக்கும் சங்கீத கலாநிதி விருதின் பட்டியலையும் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் பெண் பெயர் எந்த வருஷம் என்று அவர்களே விரல் வைத்துக் கண்டுபிடிக்கட்டும். எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968.

இதெல்லாம் அமெரிக்கால இருந்து இறக்குமதி பண்ண ஃபேஷன்தானே?

வகுப்பு நடத்தும் முறையில் கொஞ்சம் அங்கிருந்து வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கம் 2016-ல் ஏற்றுக்கொண்ட தகவல் அறிதிறன் (தகவலைத் தேடி எடைபோடும் திறன்) கட்டமைப்பில், ஒரு நூலுக்கோ ஆளுக்கோ இருக்கும் அதிகாரம், அதாவது நம்பகமானவர் என்ற மதிப்பு, இடத்தைப் பொறுத்து உருவாக்கப்படுவது என்று ஒரு கருத்து இருக்கிறது. அதை இசை நூலகர்கள் அங்கே பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் கறுப்பினத்தவர் பாடியதை "ரேஸ் ரெக்கார்ட்ஸ்" என்று தனி வரிசையாக விற்றன. பில்போர்டு பத்திரிகை அந்தப் பட்டியலின் பெயரை 1949-ல்தான் "ரிதம் அண்ட் ப்ளூஸ்" என்று மாற்றியது. ஃப்ளாரன்ஸ் பிரைஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் சிம்பனியைச் சிகாகோ சிம்பனி ஆர்கெஸ்ட்ரா 1933-ல் வாசித்தது. அவருடைய கையெழுத்துப் படிகள் ஒரு பெரிய கட்டு 2009-ல் இலினாய்ஸில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீட்டில் கிடைத்தது. நூலகம் எதிலும் இல்லை, பாழடைந்த வீட்டில்.

அங்கே நிறம், இங்கே சாதி. கேட்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம், பதிலை இறக்குமதி செய்ய முடியாது. அமெரிக்க உதாரணம் மட்டும் சொன்னால் நம் பிள்ளைகள் ரொம்ப நிம்மதியாகத் தலையாட்டுவார்கள், அடுத்த ஊர்க் கதை கேட்பது போல.

லைப்ரரில இல்லாத புத்தகம் இல்லைன்னு எப்படித் தெரியும்? இல்லாததை எப்படித் தேடுறது?

நல்ல கேள்வி, இரண்டாமாண்டு மாணவி கேட்டது. அக்சஷன் ரிஜிஸ்டரை எடுத்து ஏதாவது ஒரு வருஷத்தை விரித்துக் கொடுப்பேன். என்ன வாங்கினோம் என்று வரிசையாக இருக்கும். மிருதங்கத்துக்குப் பாடநூல்கள் வரிசையாக இருக்கின்றன, தமிழில், ஆங்கிலத்தில், தெலுங்கில். அதைச் செய்பவர்களைப் பற்றி? மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் பார்த்து வாங்கி, வார் இழுத்துக் கட்டி, கரணை போட்டு, சுருதி சேர்த்துக் கொடுக்கும் குடும்பங்களில் தலித் கிறிஸ்தவர்கள் நிறைய. வித்வான் சொன்ன நாதத்தைத் தோலில் கொண்டுவந்தவர்கள். பல வருஷ ரிஜிஸ்டரில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

நிகழ்ச்சி நிரல்களையும் சேர்த்துப் பாருங்கள். மார்கழி சபா நிரல்கள் எங்களிடம் கட்டுக் கட்டாக இருக்கின்றன, பைண்டு செய்து. பறை, கானா, ஒப்பாரி போன்றவற்றுக்கு மேடை தர 2020-ல் தொடங்கிய "மார்கழியில் மக்களிசை" விழாவின் துண்டறிக்கை ஒன்றுகூட இல்லை என்பதை ஒரு மாணவன்தான் சொன்னான். நாங்கள் மறுக்கவில்லை, கேட்டு வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய பாட்டுல இழிவான வார்த்தை வந்தா அந்தப் புத்தகத்தை எடுத்துடலாமா?

எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். சேக்கிழாரின் திருநாளைப்போவார் கதையில் கொடுமைக்கார வேதியர் கிடையாது. பாரதி 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பண்ணையாரைக் கொண்டுவந்து நுழைத்தார். பண்ணையார் வாயில் வருகிற வசவுகள் இன்றைக்குக் காதால் கேட்க முடியாதவை. அதை நீக்கினால் நந்தன் யாரிடம் கெஞ்சினான் என்பதே தெரியாமல் போகும்.

வகுப்பில் "வருகலாமோ" பாட்டைப் போடுவேன். கச்சேரியில் எல்லாரும் கேட்டதுதான், மாஞ்சி ராகம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். "சரி, யார் யாரிடம் கேட்கிறார்கள், எங்கே வரலாமா என்று?" அப்போதுதான் சாகித்யத்தைக் காதில் வாங்குவார்கள். ஒருமுறை அதற்கப்புறம் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அந்தப் புத்தகத்துக்காக நான் சேர்த்தது நூலகப் பதிவில் ஒரு குறிப்பு மட்டும்: மூலக்கதை எது, எந்தக் காலத்துப் படைப்பு, எந்தச் சொற்கள் வருகின்றன என்று மூன்று வரி.

எங்க பாட்டி ஒப்பாரி பாடினதை ஃபோன்ல எடுத்து வச்சிருக்கேன், லைப்ரரிக்குத் தரலாமா?

தாருங்கள், ஆனால் பாட்டியிடம் கேட்டுவிட்டு. சாவு வீட்டில் பாடியதா, உங்களுக்காக உட்கார்ந்து பாடியதா என்பதும் தெரிய வேண்டும். சாவு வீட்டில் எடுத்தது என்றால் அந்த வீட்டாரையும் கேட்க வேண்டும், அதில் அவர்கள் குடும்பச் சண்டைகூட வரும். யாரும் கேட்கலாமா, நூலகத்துக்குள் மட்டுமா, பாட்டி காலத்துக்குப் பிறகா என்று மூன்றில் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்கிறேன். பாட்டிக்குக் கையெழுத்து வராதென்றால் சம்மதத்தைக் குரலாகவே பதிந்து தரலாம்.

"ஆசிரியர்: மக்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். பாட்டிக்குப் பெயர் இருக்கிறது. கீர்த்தனைக்கு முத்திரை வைத்து யார் பாட்டு என்று காப்பாற்றுகிறோம், ஒப்பாரிக்கு மட்டும் ஏன் ஊர் பேர் தெரியாத அடையாளம்?

வகுப்புல பறை வாசிக்கிற பையன் இருக்கான். அவனையே பேசச் சொல்லலாமா?

வேண்டாம். நான் செய்து மாட்டிக்கொண்ட தப்பு இது. ஒரு வருஷம், மேலே சொன்ன பறை அடுக்குக்கு முன்னால் நின்று, ஒரு மாணவனைப் பார்த்து "நீயே சொல்லேன்ப்பா" என்றேன். நல்ல எண்ணத்தில்தான். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு "எனக்குத் தெரியாது மேடம்" என்றான். அவனுக்குத் தெரியும். அப்புறம் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல மேடம்" என்றான். படிப்பு முடியும்வரை நூலகத்தில் கடைசி மேஜையில்தான் உட்கார்ந்தான்.

இப்போது வகுப்பில் யாரும் தன் சாதியையோ அடுத்தவர் சாதியையோ சொல்ல வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுவது அடுக்கைப் பற்றி, லேபிளைப் பற்றி. தானாக யாராவது பேச வந்தால் கேட்போம்.

எங்க வித்வான்களை அசிங்கப்படுத்துறீங்கன்னு பெற்றோர் சண்டைக்கு வந்தா என்ன சொல்வீங்க?

ஒருமுறை வந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்து, அந்தக் கார்டு டிராயரையே காட்டினேன். எந்த வித்வானின் பாட்டையும் நான் குறைவாகப் பேசவில்லை, அவரை இந்த டிராயரில் பட்டத்தோடு அடைத்தது அவர் இல்லையே. அந்த அப்பா கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "எங்க தாத்தா பேர் இதுல இல்லை" என்றார். தாத்தா தவில்காரராம். சமாதானமாகப் போனாரா என்று கேட்டால், இல்லை, கல்லூரி முதல்வரிடமும் ஒரு புகார் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

யூட்யூப்ல எல்லாமே இருக்கே, இந்த அடுக்குச் சண்டை இன்னும் எதுக்கு?

இருக்கிறது, எதை யார் என்ன தலைப்பில் ஏற்றினார்களோ அதன்படி. அங்கேயும் நாதஸ்வரம் என்று தேடினால் கல்யாண கெட்டிமேளம்தான் முதலில் வந்து நிற்கும். முதல் கேள்வியில் சொன்ன பையனின் கதைதான், திரை மட்டும் வேறு.

இவ்வளவு தெரிஞ்சும் நம்பரை மாத்திட வேண்டியதுதானே?

எல்லாரும் நினைப்பது போல அது ஒரு மதியத்தில் முடிகிற வேலை இல்லை. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் "சட்டவிரோத அந்நியர்" என்ற பொருள் தலைப்பை மாற்றச் சொல்லி 2014-ல் ஆரம்பித்தார்கள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் அதை மாற்ற 2021 ஆனது. அமெரிக்க நூலகச் சங்கம் ட்யூயியின் பெயரைத் தன் பதக்கத்திலிருந்து 2019-ல் எடுத்தது, அவருடைய இனவெறியும் பெண்களிடம் நடந்துகொண்ட விதமும்தான் காரணம். பகுப்பு எண்ணோ உலகம் முழுக்க அவர் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அளவில் செய்தது கொஞ்சம். பறைப் புத்தகங்கள் 786.9-க்கு வந்துவிட்டன, லேபிள் கிழித்து, புது லேபிள் ஒட்டி, ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் திருத்தி. நாதஸ்வரம், நாகசுரம், நாயனம் மூன்றுக்கும் "காண்க" போட்டாயிற்று, எதை அடித்தாலும் எல்லாம் வரும். பெயர்களைப் பட்டம் முன்னால் வராதபடி மாற்றும் வேலை "செ" வரிசை வரைக்கும் வந்திருக்கிறது. ஹனிபாவையும் சாஸ்திரியாரையும் எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டும் தற்சமயம் என் மேஜை மேல் இருக்கின்றன, கேட்பவர்கள் அங்கேயே வந்து வாங்கிப்போகிறார்கள்.